412 மார்க் எடுத்த அண்ணன்

விளாத்திகுளம் பக்கத்துக்காரன்:

போன வாரம் அம்மா போனில் பேசும்போது, எங்கள் தெருவில் பத்தாவது எழுதிய இரண்டு பையன்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறப் போகிறார்கள் என்று சொன்னார். "லீவுக்குத்தான், ரெண்டு மாசம்" என்றாராம் ஒருவனுடைய அப்பா. அந்த 'ரெண்டு மாச'த்தைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. 2008ல் எங்கள் வீடுகளிலும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பதினைந்து பதினாறு வயதில், உங்களைவிடப் பத்து வயது மூத்த ஒருவரைப் பார்த்து 'நாளைக்கு நாமும் இதுதான்' என்று உங்களுக்குத் தெரிந்துபோன நாள் ஏதாவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

நாங்கள் மூன்று பேர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். எங்கள் ஊர் மானாவாரி பூமி. மழை பெய்தால் மிளகாயும் உளுந்தும் இருக்கும். பெய்யாவிட்டால் ஆண்கள் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள், பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள். இந்த இரண்டையும் விட்டால் திருப்பூர். பொங்கலுக்குப் பொங்கல் திருப்பூரிலிருந்து வந்து இறங்குகிற அண்ணன்கள்தான் எங்களுக்கு ஹீரோக்கள். அதில் ஒரு அண்ணனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஜீன்ஸ், கையில் கேமரா வைத்த செல்போன், பக்கத்தில் வந்தாலே சென்ட் வாசனை. தெருவில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பனியன் கொண்டுவருவார். அவர் வந்து இறங்கினால் நாங்கள் மூன்று பேரும் அவர் பின்னாலேயே திரிவோம். படித்து என்ன ஆகப் போகிறது, இந்த அண்ணன் மாதிரி ஆனால் போதும் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். பரீட்சை முடிந்ததும் அவரிடமே போவது, வேலை பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடுவது. இந்த இரண்டாவது பாதியை வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில் கோவில்பட்டியில் ராத்திரி பஸ் ஏறினோம். மதுரை, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போய் விடியற்காலையில் திருப்பூரில் இறங்கியபோது அண்ணன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். பைக் வைத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தோம். முதல் ஏமாற்றம் அது. சின்ன விஷயம்தான், ஆனால் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர் இருந்தது ஒரு லைன் வீடு. பத்துக்குப் பத்து அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். எங்களோடு சேர்த்து எட்டு. வரிசையாகப் பதினான்கு வீடுகளுக்குக் கடைசியில் இரண்டு கக்கூஸ். காலை ஐந்தரைக்கே வாளியோடு வரிசை நிற்கும்.

கம்பெனியில் எங்களைக் கைமடிக்குப் போட்டார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டெய்லர் ஓவர்லாக் மிஷினில் தைத்துத் தள்ளுகிற பீஸ்களை எடுத்து, நூல் பிசிறை வெட்டி, மடித்து, அடுத்த மிஷினுக்குத் தள்ள வேண்டும். உட்கார முடியாது. ஷிப்டுக்கு எழுபது ரூபாய் சொன்னார்கள். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரை ஆகும், அதற்கு ஒன்றரை ஷிப்ட் கணக்கு. பதினைந்து வயதுப் பையன்களை அவ்வளவு நேரம் நிற்க வைக்கக்கூடாது என்று சட்டம் இருப்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை.

வேலை கஷ்டம் என்பது எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. காட்டு வேலை பார்த்த உடம்புதான், பத்து நாளில் கால்வலி பழகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி கையில் பணம் வந்ததும் பரோட்டாக் கடை, ஞாயிற்றுக்கிழமை சினிமா. சொல்லப்போனால் சந்தோஷமாகத்தான் இருந்தோம். என் சேக்காளிகளில் ஒருவன் ஊருக்கே போக வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தான்.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரௌசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தோம். எனக்கு 398. இரண்டாமவனுக்கு 371. மூன்றாமவனுக்கு 436, கணக்கில் நூற்றுக்கு நூறு. அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கைமடிக்கு நின்றோம்.

ராத்திரி அறையில் அண்ணனிடம் அந்தத் தாள்களைக் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். துணிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கம்பெனியில் பனியன் போட்டு ஒட்டுகிற அதே கவர். உள்ளே அவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். 1996. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் பழுப்பேறிக் கிழியப் பார்த்தது. மொத்தம் 412.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். படிப்பு ஏறாததால் திருப்பூர் வந்தவர் என்றுதான் அவரைப் பற்றி ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். என்னைவிடப் பதினான்கு மார்க் அதிகம். அதுவும் 1996ல், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்.

"நானும் ஒரு வருசம்னுதாம்ல வந்தேன்" என்றார். பெரிய தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வருஷம். அந்தக் கடனை அடைக்க இரண்டு வருஷம். அப்புறம் சின்னத் தங்கச்சி. அப்புறம் வீட்டுக்கு ஓடு மாற்றினது. அப்புறம் அவருடைய கல்யாணம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார், பன்னிரண்டு ஆனது. எண்ணிய ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. ஊசி ஏறின இடம். பொங்கலுக்கு வருகிற ஜீன்ஸ் அறையில் இருந்த இன்னொருவருடையது என்பதும், செல்போன் தவணையில் வாங்கியது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவியையும் குழந்தையையும் அவர் பார்ப்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அந்த இரண்டு தடவையும்தான் அந்த ஜீன்ஸ்.

எனக்கு அப்போது வந்தது பயம் என்று சொல்ல முடியாது. அந்த அறைப் பாய்களில் ஒன்றில் நான் படுத்திருப்பதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதே வயதில், அதே மாதிரி மார்க்கோடு வந்து, அதே மூலையில் பெட்டியை வைத்தவர் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டேன்.

மறுநாளே அண்ணன் எங்கள் கணக்கை முடிக்கச் சொன்னார். பஸ்ஸுக்குப் பணம் அவரே கொடுத்தார். நானும் இரண்டாமவனும் கிளம்பினோம்.

மூன்றாமவன் வரவில்லை. 436 எடுத்தவன்.

அவனும் அதே தாளைப் பார்த்தான். எங்களைவிட நன்றாகவே புரிந்துகொண்டான். "நீங்க போங்கல, நான் தீபாவளி போனஸ் வாங்கிட்டு வாரேன்" என்றான். அவன் வீட்டுக் கணக்கு எங்களுக்குத் தெரியும். மிளகாய் போட்ட வருஷம் மழை பொய்த்து, முப்பதாயிரம் கடன். மூன்று வட்டி. மாதம் தொள்ளாயிரம் வட்டிக்கே போகும். ஒன்றரை ஷிப்டுக்கு நூற்றைந்து ரூபாய், மாதம் இருபத்தாறு நாள், 2,730. மெஸ்ஸுக்கும் அறைக்கும் போக அவன் ஊருக்கு அனுப்ப முடிந்தது ஆயிரம். அதாவது, ஒரு பிள்ளையின் முழு உழைப்பும் வட்டியை மட்டும்தான் கட்டியது. அசல் அப்படியே நின்றது.

நான் பிளஸ் ஒன்னில் சேர்ந்தேன். 2010ல் பிளஸ் டூ முடித்தபோது முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது, அதில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். அது ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பதுண்டு. இரண்டாமவன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தான், நன்றாக இருக்கிறான்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசுக்காக உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றுக்கும் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கும் அது வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாயம் போடாத துணியை வைத்து என்ன தைப்பது? ஷிப்ட் குறைந்தது. மூன்றாமவன் பெட்டியோடு ஊருக்கு வந்தான். நான் காலேஜ் லீவில் வந்திருந்தேன். கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தோம். என் பையில் இருந்த இன்ஜினியரிங் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். ஒரு கணக்கைப் பாதி வரைக்கும் வாயாலேயே போட்டான். அப்புறம் மூடி வைத்துவிட்டான். நாலு மாதத்தில் திரும்பத் திருப்பூர் போய்விட்டான்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

வேடசந்தூர்க்காரி:

உங்கள் அண்ணனுடைய மார்க் ஷீட் எனக்கு எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் தலைமுடியை ஞாபகப்படுத்திவிட்டது.

எங்கள் ஊர்ப் பக்கம் நூல் மில்லுகள் ஜாஸ்தி. நாங்கள் மூன்று பேர் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு புரோக்கர் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். மூன்று வருஷம் மில்லிலேயே தங்கி வேலை பார்த்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 40,000 ரூபாய். நோட்டீஸில் மணக்கோலத்தில் ஒரு பெண் படம். சுமங்கலித் திட்டம் என்று ஊரில் சொல்வார்கள், மில்லுக்கு மில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஹாஸ்டல் உண்டு, டி.வி. உண்டு, மூன்று பேரையும் ஒரே ரூமில் போடுவோம் என்றார் அந்த ஆள். நாங்கள் பிரியாமல் இருக்கலாம் என்பதுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் அம்மாக்களுக்கு நாற்பதாயிரம். பாதி சம்மதம் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா மில்லிலிருந்து வந்தார். மூன்று வருஷம் முடிய ஏழு மாதம் இருக்கும்போதே வந்துவிட்டார். நடுவில் வந்தால் அந்த மொத்தப் பணம் கிடையாது. ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, பணம் போச்சே என்றுதான் எல்லோரும் பேசினார்கள்.

மறுநாள் தோட்டத்து மோட்டாருக்குக் குளிக்கப் போனோம், அக்காவும் வந்தார். அவர் பேசுவது கத்துவது போல இருந்தது. பக்கத்தில் இருக்கிற என்னிடம் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார், ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும்போது, அதாவது நூற்கிற மிஷினின் ஒரு பக்கத்தைக் கவனிக்கும்போது, அந்தச் சத்தத்தில் இப்படிப் பேசினால்தான் அடுத்தவளுக்குக் கேட்குமாம். அது பழக்கமாகிவிட்டது. தலையைச் சீவச் சொல்லி என்னிடம் சீப்பைக் கொடுத்தார். முன்பு அவருடைய ஜடை இடுப்புக்குக் கீழே தொங்கும், எங்கள் தெருவிலேயே அந்த முடிக்குத்தான் பெயர். நான் சீவச் சீவ கொத்தாகக் கையோடு வந்தது. வேர்க்காலில் பஞ்சு மாதிரி பொடிப்பொடியாக வெள்ளையாக இருந்தது. பஞ்சு மாதிரி என்ன, பஞ்சேதான். இருமிக்கொண்டே இருந்தார்.

"உங்களையும் கேட்டாங்களாமே" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "ராத்திரி ஷிப்ட்ல மூணு மணிக்கு கண்ணு சொருகும். அப்ப மூஞ்சில தண்ணி அடிச்சுட்டு வரச் சொல்லுவாங்க. நான் எத்தனை தடவ அப்படி மூஞ்சி கழுவியிருப்பேன்னு நெனக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது மூன்று பேரும் பேசவே இல்லை. மறுநாள் எங்கள் தமிழ் டீச்சரிடம் போய்ச் சொன்னோம். அவர்தான் மூன்று வீட்டுக்கும் ஏறி இறங்கினார். பிளஸ் ஒன் சேர்ந்தால் அரசாங்க சைக்கிள் கிடைக்கும், பஸ் செலவு இல்லை என்று எங்கள் அப்பாவிடம் கணக்காகப் பேசினார். அப்பா மசிந்தது படிப்பின் அருமைக்காக அல்ல, அந்தச் சைக்கிளுக்காக. பரவாயில்லை. நான் பிளஸ் டூ முடித்து, டி.பார்ம் படித்து, இன்றைக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறேன். இருமிக்கொண்டு வரும் மில் பெண்கள் இப்போதும் வருகிறார்கள். மாத்திரைக் கவரைக் கொடுக்கும்போது அவர்கள் தலையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அக்காவுக்கு அடுத்த வருஷமே கல்யாணம் ஆனது. எங்கள் மூன்று பேர் படிப்புக்கும் அவர்தான் காரணம் என்று இதுவரை அவரிடம் நேரில் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? உன்னைப் பார்த்துத்தான் தப்பித்தோம் என்றா?

ராமநாதபுரம், கடலோரம்:

எங்களுக்குத் திருப்பூர் இல்லை, சவுதி, துபாய். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் பத்தாவதில் கணக்கு பெயில். பாஸ்போர்ட் எடுத்து ஏஜெண்டிடம் கொடுத்து வைப்பது, பதினெட்டு ஆனதும் பறப்பது. இதுதான் பிளான்.

நண்பனுடைய மச்சான் மூன்றரை வருஷம் கழித்து ஊருக்கு வருகிறார் என்று மதுரை ஏர்போர்ட்டுக்கு வேன் போட்டார்கள். நாங்கள் நாலு பேரும் பின் சீட்டில் தொற்றிக்கொண்டோம். மச்சான் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அவர் போகும்போது வயிற்றில் இருந்த பெண் குழந்தைக்கு அப்போது மூன்று வயது. "அத்தா வந்துட்டாங்க பாரு" என்று தூக்கிக் கொடுத்தார்கள். அது அவர் முகத்தைப் பார்த்து வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு எங்கள் பக்கம் தாவியது. அதற்கு எங்களைத் தெரியும், தினமும் தெருவில் பார்க்கிறது. அவரைத் தெரியாது.

மானாமதுரை தாண்டும் வரை குழந்தை என் மடியில்தான் இருந்தது. மச்சான் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சாக்லேட்டை நீட்டினார், வாங்கவில்லை. என்னிடம் கொடுத்து, என் கையால் கொடுக்கச் சொன்னார். நான் கொடுத்ததும் வாங்கிக்கொண்டது. அந்த இரண்டு மணி நேர வேன் பயணத்தை நாங்கள் நாலு பேரும் இன்றுவரை பேசிக்கொள்கிறோம்.

அவர் இருந்த நாட்களில் எங்களுக்கு ஒரு காரியம் சொல்லிக் கொடுத்தார். பத்தாவது பாஸ் செய்யாதவன் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று விழும். வளைகுடா நாட்டு வேலைக்குப் போகும்போது அவனுக்குத் தனியாக நாட்டைவிட்டு வேலைக்குப் போகும் அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) வாங்க வேண்டும், ஏஜெண்ட் கையைத்தான் எதிர்பார்த்து நிற்க வேண்டும். பாஸ் செய்துவிட்டால் அது இல்லை. "போக வேணாம்னு சொல்லல தம்பி. கையில தொழிலோட போ. வருசத்துக்கு ஒருக்கா லீவு கேக்குற இடத்துல நீ இருக்கணும்" என்றார்.

நாலு பேரில் மூன்று பேர் அட்டெம்ப்ட் எழுதிப் பாஸ் செய்தோம். நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தேன். நானும் துபாய்க்குத்தான் போனேன், ஒன்பது வருஷம் இருந்தேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் வந்தேன். என் மகன் என்னைப் பார்த்து அழுததே இல்லை.

பேட்லாக்:

நான் திருப்பூரில்தான் இருக்கிறேன். பதினேழு வயதில் வந்தேன், தேனிப் பக்கம் சொந்த ஊர். இன்றைக்குப் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் சுருக்கென்று இருந்தது. அப்புறம் இரண்டாவது தடவை படித்தேன், அந்த அண்ணனை நீங்கள் மட்டமாகச் சொல்லவில்லை என்று புரிந்தது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் அந்த அண்ணனைக் கெடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷமும் அவர் ஒரே மிஷினில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் விஷயம். எனக்கு ஒரு கட்டிங் மாஸ்டர் வாய்த்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட வைத்துக்கொண்டு பேட்டர்ன் போட, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு மாதிரியைத் தாளில் வரைய, கற்றுக்கொடுத்தார், காசு வாங்காமல். என் அறையில் இருந்த மற்ற நாலு பேர் சினிமாவுக்குப் போகும்போது நான் பிரவுன் பேப்பரில் கழுத்து வளைவு வரைந்துகொண்டிருந்தேன். நான் பார்த்த 'எதிர்காலம்' அந்த மாஸ்டர்தான். ஐம்பது வயதில் வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல், முதலாளியே எழுந்து நின்று பேசுகிற ஆள். இவர் மாதிரி ஆக வேண்டும் என்று நினைத்தேன், ஆனேன். எந்த அறையில் போய் இறங்குகிறோம், யார் பக்கத்துப் பாயில் படுக்கிறார் என்பதில் எவ்வளவோ இருக்கிறது. அது நம் கையில் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கும்.

பதினெட்டு நிறையாத பையன்களை நான் வேலைக்கு எடுப்பதில்லை. லீவுக்கு என்று வந்தாலும் எடுப்பதில்லை. உங்கள் தெருப் பையன்கள் என்னிடம் வந்தால் சாப்பாடு வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தென்காசி மாணவி:

நான் இங்கே எல்லோரையும் விடச் சின்னவள். 2023ல் பிளஸ் டூ. எங்கள் அரசுப் பள்ளியிலிருந்து அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு காலேஜைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நானும் என் தோழியும் பஸ் பயணத்துக்காகத்தான் பெயர் கொடுத்தோம். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பீடி சுற்ற உட்கார வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன், எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா, அக்கா எல்லோரும் பீடிதான்.

விலங்கியல் லேபில் மைக்ராஸ்கோப் காட்டிய அக்காவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் பள்ளியில் எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியர்! அவருடைய அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே கடையில்தான் இலை வாங்குகிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். கொசுவின் சிறகைக் காட்டினார், மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. பீஸுக்கு என்ன செய்கிறீர்கள் அக்கா என்று என் தோழி மெதுவாகக் கேட்டாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தன் அக்கவுண்டில் விழுவதை அவர் சொன்னார். "எங்க அம்மாட்ட பஸ்ஸுக்குக் கூட நான் கேக்கறதில்ல" என்றார். என் தோழி அந்த ஒரு வரியை வைத்துத்தான் வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டாள். இப்போது அவள் பி.காம்., நான் பி.எஸ்ஸி. விலங்கியல். மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்துவிட்டது.

விளாத்திகுளம் பக்கத்துக்காரன்:

எல்லாவற்றையும் படித்தேன். வேடசந்தூர் சகோதரி, அந்த அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நான் அண்ணனிடம் சொல்ல எட்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். சொன்னபோது அவர் சிரித்தார், "அந்தத் தாளுக்கு ஒரு உபயோகம் இருந்திருக்குல" என்றார். இப்போது ஊரில்தான் இருக்கிறார், கோவில்பட்டியில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறார்.

திருப்பூர் நண்பரே, நீங்கள் சொன்னதை மூன்றாமவனுக்குப் படித்துக் காட்டினேன். ஆமாம், இன்னும் அங்கேதான் இருக்கிறான், கட்டிங் பார்க்கிறான். உங்கள் மாஸ்டர் மாதிரி ஒருவர் அவனுக்கு வாய்க்க எட்டு வருஷம் ஆனது. கடன் 2014ல் முடிந்தது. கணக்கில் நூறு எடுத்தவன் இப்போது ஒரு ரோல் துணியில் எத்தனை பீஸ் விழும் என்று மனக்கணக்காகச் சொல்லுவான், கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும். அதை அவன் பெருமையாகத்தான் சொல்கிறான். எனக்குத்தான் கேட்கும்போது தொண்டை அடைக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் மூன்று பேரும் ஒரே இரவில், ஒரே தாளைப் பார்த்தோம். நான் திரும்பி வந்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்கள் அப்பாவுக்குக் கடன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். முப்பதாயிரம் ரூபாய். இன்றைக்கு அது என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் கீழே. தெருப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் அம்மாவை அனுப்பி விசாரித்தேன். ஒருவனுக்குச் சும்மா ஆசைதான், இன்னொருவன் வீட்டில் நகை அடகில் இருக்கிறது. முதல் பையனோடு அண்ணன் பேசுவார். இரண்டாவது பையன் வீட்டுக்கு நானும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து போகிறோம். பேச்சு மட்டும் போதாது என்று இருவருக்கும் தெரியும்.

நேற்று மூன்றாமவன் போன் செய்தான். அவன் மகள் ஏழாவது முடித்திருக்கிறாள், கணக்கு நன்றாக வருமாம். "லீவுக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போன்னு நச்சரிக்கா. நீ வேலை பாக்குற இடத்த ஒரு நாள் காட்டேன்" என்றான். நான் கோயம்புத்தூரில் ஒரு கட்டுமானப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். சனிக்கிழமை காலை இரண்டு பேரும் வருகிறார்கள். அன்றைக்குச் சரியாக 28 நாள் தண்ணீரில் கிடந்த ஆறு கான்கிரீட் கட்டிகள் உடைக்க இருக்கின்றன. ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரம், கிட்டத்தட்ட 57 டன் பாரம் தாங்க வேண்டும். மிஷினுக்குள் வைத்து ஏற்றிக்கொண்டே போனால் முள் நகரும், ஒரு கட்டத்தில் டப்பென்று ஒரு சத்தம். முதல் கட்டியை அவள் கையாலேயே வைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எட்டுக் கிலோ இருக்கும், அவளால் தூக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.